குடைக்காரியை எடுக்கலாமா

தர்மா என் ஒட்டுக்கடைக்கு வருவது தேத்தண்ணிக்காக இல்லை, வைஃபைக்காக. இது எனக்கு நன்றாகவே தெரியும். கோலாலம்பூரில் இருக்கும் என் மகன், அம்மாவோடு முகம் பார்த்துப் பேச வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கடையில் அதைப் பொருத்திவிட்டுப் போனான். அவன் பேசுவது தீபாவளிக்கும் பொங்கலுக்கும். மற்ற நாளெல்லாம் அதைப் பயன்படுத்துகிறவன் தர்மாதான். யாருக்காவது பயன்படட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

சுங்கை சிப்புட் பெரிய சாலையில் என் கடைக்கு இரண்டு கதவு தள்ளி லோரி உதிரிப்பாகக் கடை. தர்மா அங்கே ஸ்டோர் பார்க்கிறான். நாற்பதைத் தொடப்போகிற வயது, கல்யாணம் இல்லை. அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தங்கை கிள்ளானில் இருக்கிறாள். சாயங்காலம் அவர்கள் கடை அடைத்ததும் கையில் கிரீஸ் வாசத்தோடு வந்து, சுவரோர மேசையில் உட்கார்ந்து, போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, "அக்கா, தே ஒண்ணு, வடை ரெண்டு" என்பான். அதற்குப் பிறகு நான் கடையைத் தூக்கிக்கொண்டு ஓடினாலும் அவனுக்குத் தெரியாது. வடை ஆறிக் கல்லாகும். ஆறிய வடையைத் தின்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. நாலு முறை திட்டியிருக்கிறேன். சிரிப்பான், அவ்வளவுதான்.

போனில் ஒரு சண்டை விளையாட்டு. கோட்டை, பூதம், வாள், நெருப்பு எல்லாம் வரும். ஆரம்பத்தில் எனக்கு அது வெறும் இரைச்சல். ஆனால் மழைக்காலத்தில் கடையில் ஆள் இருக்காது, நான் வாய் சும்மா இருக்காதவள். என்னடா அது என்று கேட்கப்போய், கொஞ்சம் கொஞ்சமாக எனக்கே பாதி விளையாட்டு புரிந்துவிட்டது.

அவன் தனியாக விளையாடவில்லை. தேவனோடு விளையாடினான். இரண்டு பேர் சேர்ந்து போகும் சண்டை அது. தேவனையும் எனக்குத் தெரியும். இரண்டு பேரும் ஒரே ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் அடுத்தடுத்த வீட்டில் பிறந்தவர்கள். அந்தத் தோட்டம் இப்போது செம்பனை, லயம் இருந்த இடத்தில் உரமூட்டை அடுக்கியிருக்கிறார்கள். தேவன் ஆள் பெரிய உருவம், பெரிய குரல், எங்கே நின்றாலும் அவனைச் சுற்றி நாலு பேர் இருப்பார்கள். அந்த நாலு பேரில் தர்மா இருப்பான், ஆனால் யாருக்கும் அவன் பெயர் ஞாபகம் வராது.

தேவன் இங்கே இருந்தபோது இதே மேசையில்தான் எதிரும் புதிருமாக உட்கார்ந்து விளையாடுவார்கள். பிறகு அவன் சிங்கப்பூர் வேலைக்குப் போனான். போனாலும் சாயங்காலம் ஆனால் அங்கிருந்தே விளையாட்டுக்குள் வருவான். "மச்சான், வா வா" என்று போனில் அவன் குரல் கேட்கும். அப்புறம் ஜொகூரில் பெண் எடுத்தான். குரல் வருவது குறைந்தது. வாரம் ஒருமுறை என்றானது, அதன்பிறகு அதுவும் நின்றது. விளையாட்டில் நண்பர்கள் பெயர் வரிசையாக இருக்கும், ஆள் இருந்தால் பச்சைப் புள்ளி, இல்லாவிட்டால் சாம்பல். தேவன் பெயருக்குப் பக்கத்தில் எப்போதும் சாம்பல். தர்மா தினமும் உள்ளே போனதும் முதலில் பார்ப்பது அந்தப் புள்ளியைத்தான். நான் வடை போட்டுக்கொண்டே அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவேன், இன்றைக்கும் சாம்பல் என்று.

இந்த இடத்தில் தைப்பூசத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது.

தேவன் வருடாவருடம் ஈப்போ கல்லுமலை கோயிலுக்குக் காவடி எடுப்பான். ஸ்டூல் தூக்குகிறவன் தர்மா. காவடி பார்த்தவர்களுக்குத் தெரியும். அத்தனை கனத்தைத் தோளில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார முடியாது. கூட்டம் தேங்கி நிற்கும்போது, கால் நடுங்கும்போது, பின்னால் வருகிறவன் சட்டென்று ஸ்டூலைப் போட வேண்டும். காவடிக்காரன் திரும்பிப் பார்க்க மாட்டான், கேட்கவும் மாட்டான். அருளில் இருப்பான். அப்படியே உட்காருவான், உட்காருகிற இடத்தில் ஸ்டூல் இருந்தாக வேண்டும். அதற்காகத் தர்மாவும் தேவனோடு சேர்ந்து விரதம் இருப்பான், செருப்பில்லாமல் நடப்பான். இரும்புக்கால் ஸ்டூல் ஒன்றை வைத்திருந்தான். தார் ரோட்டில் வழுக்காமல் இருக்க அதன் நாலு காலிலும் லோரி டியூப் ரப்பரை வெட்டி இழுத்துக் கட்டியிருந்தான். காவடிக்காரனைத்தான் எல்லாரும் படம் எடுப்பார்கள். தர்மா அந்தப் படங்களில் பாதிக் கையோடு ஓரத்தில் நிற்பான்.

இந்த வருடமும் விரதம் இருந்தான். என் கடை நாசி லெமாக்கை, முட்டை வைத்த தேங்காய்ப்பால் சோற்றை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தேவன் வர்றானா?" என்று கேட்டேன். "பாப்போம் மச்சான்னு சொன்னான் அக்கா" என்றான். நம்மவர்கள் பாப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். தெரிந்தும் லீவு போட்டான், மஞ்சள் வேட்டி கட்டிக்கொண்டு, ஸ்டூலை மோட்டாரில் வைத்துக் கட்டி ஈப்போவுக்குப் போனான். காவடி கட்டுகிற இடத்தில் காத்துக்கொண்டு நின்றிருக்கிறான்.

மத்தியானம் தேவனின் வாட்ஸ்அப்பில் படம் வந்தது. ஜொகூர் பக்கம் ஏதோ ஒரு கோயிலில் காவடி. மாமனார் வீட்டுச் சனம் சுற்றி நிற்கிறது. பின்னால் கண்ணாடி போட்ட ஒருவன், கையில் சிவப்புப் பிளாஸ்டிக் ஸ்டூல். சாப்பாட்டுக் கடையில் அடுக்கி வைப்பது போன்ற ஸ்டூல்.

அன்று சாயங்காலம் தர்மா என் கடைக்கு வந்து, இரும்பு ஸ்டூலைப் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் வைத்தான். "இங்கயே இருக்கட்டும் அக்கா. அடுத்த வருசம் எடுத்துக்கறேன். யாரும் உக்கார வேணாம்" என்றான். எனக்குத் தேவனைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்க வேண்டும் போல இருந்தது. கேட்கவில்லை. யாருடைய நட்பிலும் மூன்றாவது ஆள் நுழைந்து சண்டை போட்டு நியாயம் வாங்க முடியாது.

அதற்குச் சில வாரம் கழித்துத்தான் விளையாட்டில் குடைக்காரி வந்தாள்.

அவளுக்கு ஏதோ வாயில் நுழையாத பெயர். வெள்ளைக் குடை பிடித்திருப்பாள், அதனால் எனக்கு அவள் குடைக்காரி. அந்த விளையாட்டில் புது ஆட்கள் இப்படி அவ்வப்போது வருவார்கள், கொஞ்ச நாள்தான் இருப்பார்கள். அவர்களை எடுக்கச் சீட்டு வேண்டும். ஒரு சீட்டுக்கு என்ன வரும் என்று தெரியாது, நிறையச் சீட்டு போட்டால்தான் கேட்ட ஆள் கட்டாயம் வருவார். தர்மா காசு போட்டு விளையாடுகிறவன் இல்லை. தினமும் கொடுக்கிற சின்னச் சின்ன வேலைகளை முடித்தால் இலவசமாகச் சீட்டு கிடைக்கும். அப்படிச் சேர்த்துச் சேர்த்து ஒரே ஒருவரை நிச்சயமாக எடுக்கிற அளவுக்கு வைத்திருந்தான். சிக்கல் என்னவென்றால், குடைக்காரி போனதும் அடுத்து வரப்போகிறவன் இரட்டை வாள்காரன். இவளை எடுத்தால் அவன் இல்லை.

"ரெண்டு பேருல யாரு நல்லவங்க?" என்றேன்.

"நல்லவங்க கெட்டவங்க இல்லக்கா. இவ சப்போர்ட் லா." மேசையில் இருந்த இரண்டு கிளாசை இழுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். "இது கோடாலிக்காரன், தேவனோட ஆளு. ஒவ்வொரு அடி அடிக்கறப்பவும் அவன் உசிரு கொஞ்சம் கொறையும். அடிச்சு அடிச்சே செத்துருவான். இவ பக்கத்துல நின்னு குடைய விரிச்சா, அவன் உசிரு எறங்காது. எவ்வளவு வேணும்னாலும் அடிக்கலாம்."

"இவ அடிக்க மாட்டாளா?"

"மாட்டா. காப்பாத்த மட்டும்தான் செய்வா."

"அப்ப நீ தனியாப் போனா?"

அவன் ஒரு கிளாசை எடுத்து அப்பால் வைத்தான். மற்றது தனியாக நின்றது. "தனியாப் போனா இவளுக்கு வேலையே இல்ல. குடைய விரிச்சிட்டு நிப்பா. சாக மாட்டா, ஜெயிக்கவும் மாட்டா. டைம் முடிஞ்சுரும்."

வாள்காரன் அப்படி இல்லையாம். யார் துணையும் வேண்டாம், ஒண்டியாக எல்லாக் கோட்டையும் தாண்டிவிடுவானாம். இந்தோனேசியாக்காரன் ஒருவன் இந்த விளையாட்டைப் பற்றி வீடியோ போடுகிறான். அவன் தலையில் அடித்துக்கொண்டு சொல்லிவிட்டான், கூட ஆடுவதற்கு நிலையான ஆள் இல்லாதவர்கள் குடைக்காரியைத் தொடவே வேண்டாம் என்று. தர்மா அதை என்னிடமே இரண்டு முறை போட்டுக் காட்டினான். அவன் சொல்வதில் தப்பு இல்லை என்றும் சொன்னான். சொல்லிவிட்டு மறுபடியும் குடைக்காரி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்குக் கோபம் வந்தது. "டேய், வாள்காரனை எடு. உனக்குன்னு ஒருத்தன் இருக்கட்டும்" என்றேன்.

"அப்படி எடுத்துட்டா, தேவன் வரமாட்டான்னு நானே முடிவு பண்ணுன மாதிரி ஆயிரும்க்கா."

இதைச் சொல்லும்போது அவன் என்னைப் பார்க்கவில்லை. கிளாஸ் வைத்த ஈர வட்டத்தை விரலால் துடைத்துக்கொண்டிருந்தான். போனில் இருக்கும் பொம்மைக்காக ஒரு வளர்ந்த ஆண்பிள்ளை இப்படி உட்கார்ந்திருக்கிறானே என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அவன் தனியாள் என்று அவனே கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்பதுதான் அங்கே கேள்வி.

கடைசியில் தேவனுக்கே செய்தி அனுப்பினான். குடைக்காரி வந்திருக்கிறாள், உன் ஆளுக்கென்றே செய்தது மாதிரி இருக்கிறாள், எடுக்கட்டுமா என்று. இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் ஒரு கட்டைவிரல் வந்தது. பேச்சு இல்லை, எழுத்து இல்லை, மஞ்சள் நிறத்தில் ஒரு கட்டைவிரல். தர்மா அதைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினான். பள்ளிக்கூடத்தில் முதல் பரிசு வாங்கியவன் முகம். "பாத்தீங்களா, எடுக்கச் சொல்றான்" என்றான்.

"அது எடுக்கச் சொல்றதா? பஸ்ஸுல எடம் விட்டவனுக்குக் கூட அத காட்டுவாங்க" என்றேன். அவன் காதில் விழவில்லை.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்த் திருநீறு பூசிக்கொண்டு வந்தான். ராகு காலம் எல்லாம் தாண்டிவிட்டது என்று அவனே கணக்குப் பார்த்து வைத்திருந்தான். போனை என் முன்னால் நீட்டி, "அக்கா, நீங்க அமுக்குங்க. உங்க கை ராசியான கை" என்றான். கையில் மாவு. முந்தானையில் துடைத்துக்கொண்டு அமுக்கினேன். வேண்டாத ஆயுதங்கள், ஏற்கனவே இருக்கிற ஆட்கள், ஒரு தவளை. அமுக்கிக்கொண்டே இருந்தேன். என் கைராசி அவ்வளவுதான். ஒரு வருடத்துச் சீட்டு முழுவதும் தீர்கிற கட்டத்தில், இனி கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று அந்த விளையாட்டே கொடுத்தது. திரை வெள்ளையாக மின்னியது, குடை விரிந்தது.

"வந்துட்டா" என்றான். சூடாக இருந்த வடையை அன்றைக்குச் சூடாகவே தின்றான்.

அதன்பிறகு அவளை வளர்க்கிற வேலை. உடை, குடைக்குக் கம்பி, என்னென்னவோ. எல்லாம் தயார். பெயர்ப் பட்டியலில் புள்ளி மட்டும் சாம்பல். இரட்டை வாள்காரன் வந்தான், தன் நாள் முடிந்து போயும்விட்டான். தர்மாவிடம் சீட்டு இல்லை. நான் எதுவும் சொல்லவில்லை. நான் எதுவும் சொல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

ஒரு சாயங்காலம் நல்ல மழை. தகரக் கூரையில் விழுகிற சத்தத்தில் பக்கத்தில் பேசுவதே கேட்காது. "அக்கா!" என்று அவன் போட்ட கூச்சலில் நான் கரண்டியைக் கீழே போட்டுவிட்டேன். போனைத் தூக்கிக் காட்டினான். தேவன் பெயருக்குப் பக்கத்தில் பச்சை.

அடுப்பைக் குறைத்துவிட்டு நானும் போய்ப் பின்னால் நின்றேன். கோடாலிக்காரனும் குடைக்காரியும் சேர்ந்து கோட்டைக்குள் போனார்கள். தர்மாவின் விரல் ஓடுகிற வேகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். அடி விழுவதற்கு முன்னாலேயே குடை விரியும். கோடாலிக்காரன் ஒவ்வொன்றாக வெட்டிச் சாய்க்கிறான், உசிர்க்கோடு இறங்கவே இல்லை. பெரிய பூதமும் விழுந்தது. நான் கைதட்டினேன், சொல்ல வெட்கமில்லை.

தர்மா சிரிக்கவில்லை.

"என்னடா, ஜெயிச்சுட்டீங்கதானே?"

"இது தேவன் இல்லக்கா."

"பேரு போட்டிருக்கே?"

"ஒவ்வொரு எடத்துலயும் நின்னு, நான் குடைய விரிக்கற வரைக்கும் பாத்துட்டு அப்பறம்தான் அடிக்கறான். தேவன் நிக்க மாட்டான். ஒருநாளும் நின்னதில்ல. நான்தான் பின்னாடி ஓடணும்."

நீங்கள் யார் என்று எழுதிக் கேட்டான். பதில் ஆங்கில எழுத்தில் தமிழாக வந்தது. அந்தச் சின்ன எழுத்து என் கண்ணுக்குத் தெரியாது, அவனே வாசித்தான். "அண்ணே, நான் சுரேன், தேவன் மாமாவோட மச்சினன். மாமா இப்ப இத ஆடறதில்ல. அக்கவுண்ட்ட எனக்குக் குடுத்துட்டாரு. நீங்க சப்போர்ட் ரொம்ப நல்லா பண்றீங்க அண்ணே."

தர்மா அதை வாசித்து முடிக்கவில்லை, அதற்குள் அடுத்த செய்தி வந்தது. அதையும் வாசித்தான், குரலில் ஏற்ற இறக்கம் இல்லாமல். "தர்மா அண்ணேதானே? மாமாவுக்கு முன்ன ஸ்டூல் தூக்குனது நீங்கன்னு சொன்னாரு. இந்த வருசம் நான் தூக்குனேன். சரியா போட முடியல, ஸ்டூல் வழுக்கி மாமா கீழ விழப் பாத்தாரு. அடுத்த வருசமும் இங்கதான் எடுக்கறாராம், என்னத்தான் தூக்கச் சொல்றாரு. எப்ப போடணும்னு எப்படித் தெரியும் அண்ணே?"

படத்தில் சிவப்பு ஸ்டூலோடு நின்ற கண்ணாடிக்காரன். பாவம், அவன்மேல் என்ன தப்பு? ஆனாலும் எனக்கு அந்த நேரத்தில் போனைப் பிடுங்கி மழையில் வீச வேண்டும் போல இருந்தது. அடுத்த வருடம் என்று ஒன்றை இவன் வைத்துக்கொண்டிருந்தான், அதையும் கேட்டு வாங்க ஆள் வந்துவிட்டான். "பதில் போடாதே. அணைச்சு வை" என்றேன்.

அவன் எழுதினான். ஒற்றை விரலால், மெதுவாக, எழுதிக்கொண்டே எனக்கும் வாசித்துக் காட்டினான். "பிளாஸ்டிக் ஸ்டூல் வேணாம். இரும்புல வாங்கு. நாலு காலுக்கும் லோரி டியூப்ப வெட்டிக் கட்டு. மேளம் ஏறுனா ஓடுவான், நீயும் ஓடு. அவன் மூஞ்சியப் பாக்காத, காலப் பாரு. இடது குதிகாலத் தேச்சு இழுத்தான்னா அவனால முடியலன்னு அர்த்தம். உடனே போடு. கேக்க மாட்டான்."

கேட்க மாட்டான் என்று எழுதிய பிறகு விரல் நின்றது. மறுபடி ஏதோ எழுதினான், அதை அழித்தான். அனுப்பிவிட்டான்.

நன்றி சொல்லி, நாளைக்கு வருவீர்களா என்று கேட்டது அந்தப் பக்கம். தர்மா போனைச் சார்ஜிலிருந்து எடுத்தான். மழைச்சட்டையை மாட்டினான். வடை அப்படியே இருந்தது. வாசல் வரை போனவன் ஹெல்மெட்டைக் கையில் வைத்தபடி திரும்பினான்.

"அக்கா, பின்னாடி இருக்கற ஸ்டூலு..."

"எடுத்துட்டுப் போறியா?"

"இல்ல. கடையில போட்டுக்கங்க. யாராச்சும் உக்காரட்டும்."

மோட்டார் சத்தம் மழையில் உடனே மறைந்தது. நான் பின்பக்கம் போய் ஸ்டூலைத் துடைத்து எடுத்துவந்து, அவன் மேசைக்கு எதிரே, முன்பு தேவன் உட்கார்ந்த பக்கத்தில் போட்டேன். அந்த மழையில் யாரும் வருவதாகத் தெரியவில்லை. நானே உட்கார்ந்தேன். தண்ணீர் தேங்கிய வழவழப்பான தரைதான், என் உடம்பும் லேசுப்பட்ட உடம்பில்லை. ஸ்டூல் ஒரு அசைவு அசையவில்லை. ஆறிப்போன அந்த இரண்டு வடையையும் நான்தான் தின்றேன்.